அணையில் இருந்த தண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை. மேலூருக்கு அப்பால், வைகை அணைத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், என் மைத்துனரின் வயலில் நடந்தது இது.

நான் நகரத்தில், தல்லாகுளத்தில் குடியிருக்கிறேன். தினமும் செய்தித்தாளைப் பிரித்ததும் அணையின் நீர்மட்டத்தை டைரியில் குறித்துவிட்டுத்தான் மற்ற வேலை. பதினேழு ஆண்டுப் பழக்கம். என் மனைவியின் அண்ணனுக்கு இது தெரியும். மூன்று ஏக்கர் ஒருபோக நிலம் வைத்திருப்பவர். அந்தப் புரட்டாசியில் பாசனத்துக்கு அணையைத் திறந்திருந்தார்கள். ஆனால் மட்டம் குறைவு. தை வரை தண்ணீர் வருமா என்று ஊரே தயங்கியது. எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, நாத்து விடவா, வேணாமா? நீங்க சொன்னாச் சரி."

பழைய டைரிகளைப் பரப்பிவைத்து ஒரு மணி நேரம் ஒப்பிட்டேன். புரட்டாசியில் அதே மட்டம் இருந்த நான்கு ஆண்டுகளிலும் தை வரை வாய்க்கால் ஓடியிருந்தது.

"தைரியமா விடுங்க மச்சான்" என்றேன்.

அவர் நட்டார். அவர் பேச்சை நம்பிப் பக்கத்து வயல்காரரும் நட்டார். ஐப்பசி மழை ஏமாற்றியது. கார்த்திகையில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அது கடைமடைக்கு எட்டுவதற்குள் முறை முடிந்துவிடும். பிறகு, மிச்சம் நகரத்துக் குடிநீருக்கு வேண்டும் என்று பாசன மதகை அடைத்துவிட்டார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரம்.

நான் போனபோது வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு கதிரை உருவினேன், அத்தனையும் பதர். வரப்பில் ஆட்டுக்காரர் ஒருவர் மந்தையோடு நின்றிருந்தார். மைத்துனர்தான் வரச் சொல்லியிருந்தார்.

பக்கத்து வயல்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்கண்ணே. அந்த டைரியக் கொண்டாந்தீகளா? பிழிஞ்சா ஒரு நனைப்புக்காவது தண்ணி வருமான்னு பாப்போம்."

"அவர ஏண்டா இழுக்குற? நட்டது நாமதான" என்று அடக்கினார் மைத்துனர். பிறகு ஆட்டுக்காரரிடம், "விட்டுருப்பா" என்றார்.

ஆடுகள் இறங்கின. மைத்துனர் வயலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நான்கு ஆண்டுகளிலும் ஐப்பசி மழை கொட்டியிருந்தது. மழை நாட்களை நான் ஒருபோதும் குறித்ததில்லை. சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"அங்க தங்கச்சிக்குத் தண்ணிக் கஷ்டம் இல்லையே மாப்ள?"

"இல்ல மச்சான். வருது."

"அது போதும்."

அடுத்த ஆண்டும் அவர் நட்டார், என்னிடம் கேட்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட நாளடைவில் மறந்திருப்பேன். தன் பயிருக்கு நிறுத்திய தண்ணீர்தான் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது என்று தெரிந்தே அப்படி விசாரித்தார் பாருங்கள், அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.