வெயிலில் வைத்த நாலு செல்

மேசை இழுப்பறையைத் திறந்தால் நாலு பென்சில் செல்கள் கடகடவென்று முன்னால் உருண்டு வருகின்றன. ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் பேட்டரிக்குப் பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்ததில்லை என்றால், இதோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவை ரொபேரின் கேம் பெட்டிக்காக வாங்கியவை. ரொபேர் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன். அப்பா பிரெஞ்சு ராணுவம். லீவுக்கு லீவு பிரான்ஸிலிருந்து வந்து இறங்குவான், கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டியோடு. உள்ளே சேற்றிலும் மேட்டிலும் ஜீப் ஓட்டும் பந்தயம். முதலில் கடைகளில் காசு போட்டு ஆடுகிற ஆளுயரப் பெட்டியில் வந்த ஆட்டமாம். அதில் மைதானம் முழுக்கத் தெரியுமாம். சின்னப் பெட்டிக்குள் அமுக்கியதில் நம் ஜீப்பும் சுற்றிக் கொஞ்சம் மண்ணும்தான் மிச்சம். அடுத்தது வளைவா பள்ளமா என்பது விழுந்த பிறகுதான் தெரியும். என் சுபாவத்துக்கென்றே செய்தது மாதிரி. ஜீப் திரும்பினால் நானும் உடம்போடு திரும்புவேன். அது எகிறினால் "ஐயோ" என்று எழுந்து நிற்பேன்.

அந்தத் திரைக்கு வெளிச்சம் கிடையாது. அதனால் அவன் வீட்டு மொட்டைமாடியில், கொதிக்கிற வெயிலில்தான் ஆட்டம். செல் தீர்ந்தால் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாகக் காயவைப்பேன். டார்ச்சுக்கு எங்கள் வீட்டில் செய்கிற வைத்தியம். "இன்னாடா, வடகம் போடறியா?" என்று முதல் நாள் சிரித்தான். காய்ந்த செல்லில் இன்னும் இரண்டு சுற்று ஓடியதும் வாயை மூடிக்கொண்டான். அடுத்த லீவுக்குத் தீர்ந்த செல்களையெல்லாம் பிரான்ஸிலிருந்தே பையில் கட்டிக்கொண்டு வந்தான். "அங்க வெயில் பத்தாதுடா."

ஆள் மாற்றி ஆள் ஓட்டுவோம். குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறவன் ஜெயித்தவன். அவன் சொல்கிற ஒரு காரியத்தைத் தோற்றவன் செய்தே ஆகவேண்டும், அதுதான் சட்டம். பெரும்பாலும் சோடா வாங்க ஓடியது நான்.

கடைசி லீவில் பெட்டியை என்னிடமே விட்டுப் போனான். "வெச்சிரு, வந்து ஓட்டறேன்." அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம். வந்தவன் போன மாதம்தான் வந்தான், வீட்டை விற்க. மறுநாள் கையெழுத்து. அது முடிந்தால் அவன் இந்த ஊருக்கு வரக் காரணமே இல்லை.

என் மூளை போன போக்கைப் பாருங்கள். பந்தயத்தில் அவனை ஜெயிப்பது, "வீட்ட விக்காத" என்று சொல்லிவிடுவது. சட்டம் சட்டம்தானே! பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். வைத்திக்குப்பத்துக் கடல்காற்றில் செல் போடுகிற இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. வினிகரைத் தொட்டுத் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பழையது இல்லை, மனைவியுடையது என்று பிறகு தெரிந்தது. புதுச் செல் வாங்கி வந்தேன். படபடப்பில் அந்தப் புதுச் செல்லையும் வெயிலில் காயவைத்தேன்.

"செல்லுக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் சூடு ஏறியிருக்கு. உள்ள வாங்க" என்றாள் மனைவி.

அதே மொட்டைமாடி. ரொபேருக்குத் தலை நரைத்து, மூக்கில் கண்ணாடி. "இன்னும் உயிரோட கீதாடா இது?" என்று பெட்டியைத் தடவினான். முதலில் அவன் ஓட்டினான். பிறகு நான். இரண்டு பள்ளத்தில் விழுந்தேன், ஒருமுறை எழுந்தும் நின்றேன். எப்படியோ ஜெயித்துவிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "சொல்லு, இன்னா செய்யணும்?"

வாக்கியம் தொண்டையில் தயாராக நின்றது. இவன் நிஜமாகவே சொன்னபடி கேட்டுவிடுவானோ என்று ஒரு பயம். சிரித்துத் தட்டிவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"சோடா வாங்கினு வா."

"அவ்ளோதானா?"

"ஜில்லுனு."

கொஞ்சம் நின்று பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான்.

அவன் பிரான்ஸுக்குக் கிளம்பும்போது பெட்டியை அவனிடமே கொடுத்தேன். மூடியைத் திறந்து, செல்களை மட்டும் கழற்றி என் கையில் வைத்தான். "நீயே வெச்சிக்க. அங்க வெயில் பத்தாது."

இன்று மதியம் அந்தப் பக்கம் போனேன். அந்த வீட்டில் காபிக் கடை வரப்போகிறதாம். மாடியில் கடப்பாரைச் சத்தம். முதலில் இடித்திருப்பது கைப்பிடிச் சுவரைத்தான். நல்ல வெயில். என் சட்டைப்பையில் நாலு செல்லும் இருந்தன. எதற்கு எடுத்துப் போனாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.