போட்டின் பின்பலகையில் மாப்பிள்ளை

எங்கள் போட் வேகமெடுக்க மறுத்தது தங்கையின் கணவர் அதில் ஏறிய நாளில் இருந்து. ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதைச் சொல்ல எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

மோட்டர் பழுது என்று யாரும் நினைக்க வேண்டாம். மோட்டர் நன்றாகவே கத்தியது. பின்னால் நுரை பொங்கும், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், போட் மட்டும் போகாது. சாய்ந்தமருதில் இருந்து கடலுக்குப் போகிறவனுக்கு இது சின்ன விஷயமல்ல. எங்களுக்குத் துறைமுகம் கிடையாது. மணலில் இருந்து போட்டைத் தள்ளி, பாய்ந்து ஏறி, மோட்டரின் கயிற்றை இழுத்து, அலை உடையும் இடத்தைத் தாண்ட வேண்டும். பெரிய அலைகள் இரண்டு மூன்று அடுத்தடுத்து வரும். பிறகு கடல் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். அந்த இடைவெளிக்குள் ஓடிக் கடந்தால்தான் உண்டு. வெளியே போன பிறகு எவ்வளவு வேகமாக ஓடுகிறோம் என்பது பெரிய காரியமில்லை. முதல் ஐம்பது பாகத் தூரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறோம் என்பதுதான் உயிர்ப் பிரச்சினை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த பைபர் போட்டை வாங்கினோம். அதுவரை வாப்பா தோணியில் போனவர். மோட்டரைத் தொடுவதற்கே அவருக்குக் கூச்சம், அதனால் மோட்டர் என் பொறுப்பாயிற்று. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த நேரம் காதாலேயே எனக்குத் தெரியும். மோட்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்போதும் உண்டு.

மச்சான் சம்மாந்துறைக்காரர். அங்கே வயல்களில் உழவு மெசின் ஓட்டியவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். அவர் ஓட்டிய மெசினை முதலாளி விற்றுவிட்டதால் கையில் வேலையும் இல்லாமல் வந்தார். தங்கை என்னிடம் வந்து, "காக்கா, இவரயும் போட்டுல ஏத்துங்களன்" என்றாள். அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். ஓம் என்றேன்.

ஆள் வாட்டசாட்டமானவர், நெல் மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. முதல் நாள் வாப்பா சாக்கொன்றை நாலாக மடித்து, மோட்டருக்குப் பக்கத்துப் பலகையில் விரித்தார்.

"மருமகன், நீங்க இதில இரிங்க. முன்னுக்குத் தண்ணி அடிக்கும்."

போட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான். முன்பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒவ்வோர் அலையிலும் முகத்தில் உப்புத்தண்ணீர், இடுப்பில் அடி. சஹன் என்ற பெரிய தட்டில் எல்லோருமாகச் சோறு சாப்பிடும்போது நல்ல இறைச்சித் துண்டை மாப்பிள்ளை பக்கமாகத் தள்ளிவிடுவோமே, அந்த மாதிரித்தான் அந்தப் பலகையும் அவருக்குப் போனது. நானும் அதில் குற்றம் காணவில்லை.

அன்று தொடங்கியது தொல்லை. முதலில் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பிறகு போட்டின் அடித்தட்டுக்குக் கீழே தேங்கியிருந்த தண்ணீரை ஒரு நாள் முழுக்க இறைத்தேன். கொஞ்சம் கனம் குறைந்தது. மோட்டரைச் சாய்த்து நிறுத்தும் ஊசியை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டேன். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. கடைசியில் கல்முனைக்குப் போய் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் மோட்டரைப் பார்க்கவே இல்லை.

"பாரம் கூடியிருக்கா?"

"ஓம். ஒரு ஆள் கூட."

"அப்ப முறுக்குக் கொறஞ்ச காத்தாடி போடுங்க."

தண்ணீருக்குள் சுழலும் காத்தாடியைச் சொன்னார். இதழ்களின் முறுக்குக் குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் குறையும், ஆனால் மோட்டர் திணறாமல் சட்டென்று வேகம் பிடிக்கும். பாரம் ஏற்றிய லொறி சின்னக் கியரில் கிளம்புவது போல. வாங்கிப் பூட்டினேன். உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் போதவில்லை. ஐஸ் பெட்டியை முன்னுக்குக் கொண்டுபோனோம். வலையை முன்னுக்கு, நங்கூரத்தை முன்னுக்கு, எண்ணெய்க் கலனையும் குழாய் எட்டுமட்டும் முன்னுக்கு. போட்டில் இருந்த அத்தனை சாமானையும் நகர்த்தினோம். மாப்பிள்ளையை நகர்த்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய் வந்திருக்காது. எனக்குத் தோன்றியதெல்லாம் அவர் பாரம் என்பதுதான். மோட்டரில் பிழை என்றால் அது என் பிழை. பாரத்தில் பிழை என்றால் அது அவர் பிழை. இரண்டாவது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு காலை, சுபஹ் தொழுதுவிட்டுப் போட்டைத் தள்ளினோம். இடைவெளி பார்த்துத்தான் கிளப்பினேன். பாதித் தூரத்தில் அடுத்த அலை எழும்பிவிட்டது. முன்பக்கம் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நின்றதால், அலை அதன் அடியில் கைவைத்து நெட்டுக்குத்தாக நிமிர்த்தியது. வாப்பா நடுப்பலகையில் இருந்து சறுக்கி என் காலடியில் வந்து விழுந்தார். போட் கவிழவில்லை, அது அல்லாஹ்வின் கிருபை. பின்னுக்கு வழுக்கி, மோட்டர் தண்ணீர் குடித்து, கரையில் குறுக்கே வந்து மோதினோம். வாப்பாவின் முழங்கால் கிழிந்திருந்தது.

வீட்டு முற்றத்தில் வைத்துக் கத்தினேன்.

"இது ரெண்டு பேரிர போட். அவர ஊருக்கு அனுப்புங்க வாப்பா. ஆள் தண்ணிக்குச் சரிவராது."

தங்கை அடுப்படியில் நின்றாள். மச்சான் கிணற்றடியில் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும். அது தெரிந்துதான் கத்தினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பின்னேரம் தங்கை வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அவர் உடுப்பு மடிக்காரு காக்கா. நாளைக்குக் காரைதீவுச் சந்தியில பஸ் எடுக்கப் போறாராம். போனா வேல தேடி எங்கயெங்கயோ போயிருவாரு. எனக்கு அவர் மாசத்துக்கு ஒருக்கா வந்து போற ஆளா வேணாம்."

நான் கடற்கரைக்குப் போய் மோட்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சற்று நேரத்தில் மச்சான் வந்து பக்கத்தில் குந்தினார்.

"மச்சான், போறத்துக்கு முந்தி ஒண்டு செல்லட்டா?"

"செல்லுங்க."

"மெசினுக்குப் பின்னால பூட்டின பெட்டியில நெல்லு மூட்ட கூட ஏத்தினா மெசின்ட முன் சில்லு தூக்கும். பின் சில்லு சுத்தும், மெசின் போகா. அந்த நேரம் நாங்க மூட்டய எறக்கிறல்ல. ரெண்டு பேர முன்மூக்கில ஏறி இரிக்கச் செல்ற. கனம் அதே கனம்தான். மெசின் போகும்."

துணியைக் கீழே வைத்தேன்.

"இது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே."

"அப்ப ஏன் செல்லல்ல?"

"மாமா சாக்கு விரிச்சி இருத்தின இடம். அத விட்டு எழும்பினா நீங்க தந்த மரியாதய வேணாம் எண்ட மாதிரித்தானே."

எனக்கு முதலில் வந்தது கோபம். மூன்று மாதம் நான் பிளக்கும் காத்தாடியுமாகக் கிடந்தபோது, விடை தெரிந்த மனிதர் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே மரியாதையாக இருந்திருக்கிறார். அந்தக் கோபத்தை அவர் மேல் போட முடியாது என்று விளங்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

வாப்பாவிடம் சொன்னேன். "மருமகன முன்னுக்கு இருத்திறதா? ஊர் என்ன கதைக்கும்?" என்று எழும்பினார். மச்சானே, "ஒரு நாளைக்குப் பாப்பம் மாமா. சரிவரல்லெண்டா பஸ் நாளண்டைக்கும் ஓடும்" என்று சமாளித்தார்.

மறுநாள் வாப்பா முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு நடுவில் இருந்தார். மச்சான் முன்பக்கத்தில், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி. மூன்று அலைகளை விட்டேன். கயிற்றை இழுத்தேன். போட் ஒருமுறை குலுங்கி, முகத்தைக் கீழே போட்டு, அப்படியே பாய்ந்தது. எனக்குக் கைப்பிடியே தவறப் பார்த்தது. அலை எழும்புமுன் அதன் முதுகில் ஏறிவிட்டோம். "பின்னுக்கு!" என்று கத்தினேன். முன்பக்கம் அலைக்குள் குத்தாமல் இருக்க அவர் இரண்டு முழம் பின்னால் நகர்ந்தார். இறங்கியதும் மறுபடி முன்னுக்குப் போனார். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தலையில் இருந்து கால் வரை தண்ணீர். நான் சந்தோஷத்தில் காரணமில்லாமல் மோட்டரை முறுக்கினேன்.

வீடு வந்தபோது தங்கை வாசலில் நின்றாள். மீனைப் பார்க்கவில்லை, போட் என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. மச்சானின் சேட்டுக் கையைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் மண்ணில் ஓடியது.

"மூணு மாசமா இவர் காஞ்ச உடுப்போடதான் வந்தாரு காக்கா. நீங்களும் வாப்பாவும் போட்டத் தள்ளி, வல இழுத்து, ஊறிப்போய் வருவிங்க. பக்கத்து வீட்டுப் பொண்டுகள் கேட்டாங்க, ஒன்ட மாப்பிள்ளய அவங்க தொழிலுக்குக் கூட்டிப் போறாங்களா, சும்மா ஏத்தி எறக்கிறாங்களா எண்டு. எனக்குச் செல்ல ஒரு மறுமொழி இரிக்கல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தோளில் இருந்த மோட்டரை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். மச்சான் சேட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"நாளைக்கும் நனைஞ்சிதான் வருவன் புள்ள. அழாம இதக் காயப்போடு."