வாயில் வைத்த ஆணி

முன்னறையிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. டக், டக், டக், டக். நடுவில் இடைவெளியே இல்லை.

அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. குஷன் தைக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு பதினோரு வருஷம். எட்டிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். விரலால் ஆணி எடுத்து அடித்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விடலாம். இந்த வேகம் என்றால் ஆணி வாயில் இருக்கிறது.

அந்த வித்தையில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வான். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி உதட்டுக்குத் தள்ளும்; காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டுபோய் மரத்தில் இறக்கும். "நாக்குலயும் விரல் முளைச்சிருக்கா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டு அவளும் சிரித்தவள்தான். ஈறில் எந்நேரமும் ரத்தம் கசியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவன் வேலை பார்க்கும் குஷன் கடையின் முதலாளி, அவனுடைய சொந்த அண்ணன். மூன்று இதழ் இருக்க வேண்டிய இதய வால்வு தம்பிக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான் என்பதும், பல்லையும் ஈறையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொன்னதும் அவருக்குத் தெரியும். 'தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்' என்று வாயை மூடிக்கொண்டார். பிறகு தம்பி ஐந்து வாரம் காய்ச்சலில் கிடந்தபோது, அறுபது நாற்காலி வேலை முடியட்டும் என்று அப்போதும் மூடிக்கொண்டார். "சாதாரண சூடு" என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

ஈறு வழியாக ரத்தத்தில் போன கிருமி அந்த வால்வில் குடியேறியிருந்தது. அதிலிருந்து பிய்ந்த ஒரு துணுக்கு மூளைக்குப் போய், இடது கை விரல்களைச் செயலிழக்க வைத்தது. இரண்டு இதழ் கதை அவளுக்குத் தெரிந்ததே ஆஸ்பத்திரிக் கட்டிலருகில்தான். ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏறியபின் அவன் வீடு திரும்பினான். ஒரு ஆணியைக்கூட அந்த விரல்களால் பிடிக்க முடியவில்லை. மிச்சமிருந்தது வாய் மட்டும்.

அவள் முன்னறைக்கு வந்தாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"ஒரே ஒரு நாற்காலிம்மா. சும்மா இருந்தா மனசு கெட்டுடும்னு கொண்டு வந்தேன்."

"வாயில ஆணி வைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னப்போ நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

"அவர் ஆயிரம் சொல்லுவார். அவரா வந்து ஆணி அடிக்கப் போறார்?"

அவள் கணவன் முன்னால் மண்டியிட்டு உள்ளங்கையை நீட்டினாள். "துப்புங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? இன்னொரு தடவை கிருமி ஏறினா உங்க வால்வு தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. துப்புங்க."

ஏழு ஆணிகள் விழுந்தன. கடைசி ஆணியின் நுனி சிவந்திருந்தது.

"இதுவும் இல்லன்னா என்னால என்னடி பண்ண முடியும்?"

"நான் எடுத்துக் குடுக்கிறேன். நீங்க அடிங்க."

டப்பாவிலிருந்து புது ஆணி ஒன்றை எடுத்துச் சுத்தியல் முகத்தில் ஒட்டினாள். டக். அடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். நாலு ஆணிவரை பார்த்த அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"சரிப்படாதும்மா. கடைக்குப் புதுசா ஒருத்தன் வந்திருக்கான். வாயில இருபது ஆணி வச்சு அடிக்கிறான்."

"அவனுக்கு எத்தனை இதழ்னு கேட்டுட்டீங்களா மாமா?"

அவர் நாற்காலியைத் தூக்கினார். பாதி அடித்த ரெக்சின் தோலுரிந்த மாதிரி தொங்கியது.

"அண்ணே, அதை மட்டுமாவது முடிச்சுத் தரேனே."

"ரெஸ்ட் எடுடா," என்றார் அண்ணன், வாசலைத் தாண்டியபடி. திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் சுத்தியலை ஓங்கியபடியே ஆணிக்குக் காத்திருந்தான். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.