மண்டிபோட முடியாத சனிக்கிழமை

நெப்ராஸ்காவில் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டால் ஆட்டக்காரர்களின் தோல் ஷூ மறுநாளும் காயாது. 1946-இல் அப்படி ஒரு வாரம், லூத்தரன் கல்லூரியின் நிலவறையில் யாரோ எல்லா ஷூவிலும் பழைய செய்தித்தாளைத் திணித்து, கொதிகலன் ஓரமாக வைத்திருந்தார்கள். டெல்மர் ரூட்டுடைய ஜோடிதான் சூட்டுக்கு மிக அருகில் இருந்தது. அது அணித்தோழன் வெர்லின் ஹாசே செய்த வேலை என்று காவலாளி சொன்னபோது டெல்மருக்கு நன்றி வரவில்லை. இதிலுமா அவன் நல்லவன் என்று வயிறுதான் எரிந்தது.

டெல்மருக்கு ஒரு காது கேட்காது என்பதால் பட்டாளம் அவனை எடுக்கவில்லை. சண்டைக் காலத்தில், பந்தைக் கையிலும் எடுத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணியின் நடு ஆள் அவன்தான். குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் எறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவன். சண்டை முடிந்து வெர்லின் இத்தாலியிலிருந்து திரும்பிய முதல் வாரமே அந்த இடம் அவனுக்குப் போனது; டெல்மர் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் போனான். சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற வில்மாகூட வெர்லின் தட்டில் மட்டும் இறைச்சி உருண்டை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

"பெஞ்சு சூடா இருக்காடா, ரூட்?" என்பான் பந்தை உதைக்கிற அர்னோ.

"நீ வந்து உக்காந்து பாரேன்."

ஆறு சின்னக் கல்லூரிகளுக்குள் நடந்த போட்டியில் கடைசி ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. டெல்மருக்குக் கல்லூரியில் அதுவே கடைசி ஆட்டம். பண்ணையை விட்டு அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். எப்படியாவது களத்தில் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டத்தன்று காலை அணி முழுவதும் கோயிலில் மண்டிபோட்டு ஜெபிப்பது வழக்கம். எல்லாரும் கண்ணை மூடியிருக்க, டெல்மர் மட்டும் பக்கத்தில் ஓரக்கண்ணால் பார்த்தான். வெர்லின் வலது முட்டியை மடக்காமல் பெஞ்சைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. கர்த்தர் சந்நிதியிலேயே டெல்மரின் மனசு துள்ளியது.

"அவன் முட்டியைப் பாருங்க சார். பாவம், மண்டிகூடப் போட முடியல," என்றான் பயிற்சியாளர் நைகார்டிடம்.

"உனக்கு அவன்மேல திடீர்னு இவ்வளவு அக்கறையா?" என்றார் அவர். ஆனாலும் போய் முட்டியை அமுக்கிப் பார்த்தார். வெர்லின் பல்லைக் கடித்தும் முனகல் வெளியே வந்துவிட்டது.

வெர்லின் பெஞ்சில் உட்கார, டெல்மர் களத்தில் இறங்கினான். நன்றாகவே ஆடினான். அப்பா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். கடைசி இரண்டு நிமிஷம், ஒரு புள்ளி முன்னால். தங்கள் எல்லைக்கோட்டோரம் நின்றபடி, டெல்மர் எறியும் பந்தை அர்னோ வாங்கித் தூர உதைத்துவிட்டால் முடிந்தது. எறிவதற்கு முன் டெல்மர் ஒருமுறை நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தான், வெர்லின் தன்னைப் பார்க்கிறானா என்று. பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பந்து அர்னோ தலைக்கு மேலே பறந்தது. எல்லைக்கோட்டுக்கு உள்ளே எதிரணிக்காரன் அதன்மேல் விழுந்தான்; அவர்களுக்கு ஆறு புள்ளி. கோப்பை போயிற்று.

ஜூனில் வெர்லின் ஒரேகான் மர ஆலைக்கு வேலைக்குக் கிளம்பினான். பேருந்து நிலையம்வரை டெல்மர் அவன் பெட்டியைத் தூக்கி வந்தான். இருவரும் சந்தித்தது அதுதான் கடைசி.

"முட்டி விஷயத்த நான்தான் சொன்னேன்," என்றான் டெல்மர், பெட்டியைக் கீழே வைக்காமலே.

"தெரியும்டா. வலி உயிர் போச்சு, நீ சொன்னது நல்லதுதான்," என்றான் வெர்லின். பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறியவன் திரும்பினான். "ஆனா பந்தை இன்னும் ரெண்டடி தாழ எறிஞ்சிருக்கலாம்."