முத்திரை இல்லாத மிஷின்

எங்கப்பா சீரா கொடுத்த சுவர்க்கடியாரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னு என் வீட்டுக்காரர் சொன்னப்ப எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். பெட்டியைக் கரையான் அரிச்சிடுச்சாம், உள்ள இருந்த மிஷினும் போச்சாம். அப்பா செத்து ஆறு மாசம்கூட ஆகல. ரெண்டு நாள் சோறு தின்னாம கிடந்தேன். கடியாரம் முடுக்கற சாவி மட்டும் என் டிரங்குப் பெட்டியில தங்கிடுச்சு.

ஒன்பது வருஷம் கழிச்சு என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பாகம் பிரிச்சாங்க. தறிங்களைப் பிரிச்சு முடிச்சு, கூடத்துல மாட்டியிருந்த மாமியார் கடியாரத்தைக் கழட்டினாங்க. மாமியார் இருந்த வரைக்கும் அதை என்னைத் தொடவிட்டதில்லை. அவங்க போனப்புறம் சாவியைக் காணோம். சரி, பாப்போம்னு என் சாவியைப் போட்டேன். கச்சிதமா உக்காந்து ஸ்பிரிங் ஏறுச்சு.

"இது எங்கப்பா மிஷின்"னேன்.

"அந்தச் சாவி ஊர்ல ஆயிரம் இருக்கும். பங்கு கேக்கறதுக்கு இப்படி ஒரு பொய்யா?"ன்னார் என் வீட்டுக்காரரோட அண்ணன். பத்துப் பேர் எதிர்ல! என் வீட்டுக்காரர் தறியைப் பாத்துகினு நின்னார். வாயில என்ன கொழுக்கட்டையா?

விட்டேனா நான்? அவங்க கடியாரம் ஜப்பான்னு மாமியார் பீத்திக்காத நாள் இல்லை. எங்கப்பாது ஜெர்மன். பிரிச்சுப் பாத்துடலாம்னு ஆரணி பஜார்ல கடியாரம் ரிப்பேர் பண்றவர்கிட்ட மூணு பேரும் போனோம்.

அவர் மிஷினை வெளிய எடுத்தார். முன்னாடி பின்னாடி எங்கயும் ஒரு எழுத்து இல்லை, முத்திரை இல்லை. அண்ணன்காரர் மூஞ்சியில அப்படி ஒரு இளிப்பு. ரிப்பேர்காரர் அசரல. "பேர் இல்லன்னா என்னங்க, வேலைப்பாடு இருக்குதே"ன்னார். ஜப்பான் மிஷின்னா தகட்டை நடுநடுவுல வெட்டியிருப்பானாம், ஸ்பிரிங் வெளியவே தெரியுமாம். இதுல தகடு முழுசு, நல்ல கனம், ஸ்பிரிங் ரெண்டும் பித்தளை டப்பாவுக்குள்ள. அப்புறம் முத்திரை போட்ட ஒரு ஜெர்மன் மிஷினை எடுத்துப் பக்கத்துல வெச்சு, கொக்கி வளைவு, தூணுங்க நிக்கற இடம், சுத்தியல் காம்புன்னு ஒண்ணொண்ணா தொட்டுக் காட்டினார். அச்சு அசல் அதே.

"அதே கம்பெனிதாங்க. பெட்டிதான் வேற. இதை உக்கார வைக்கப் பலகையில புதுசாத் துளை போட்டிருக்காங்க பாருங்க."

"யார் போட்டது?"ன்னேன்.

அண்ணன்காரருக்குத் துளிகூட வெக்கமில்லை. "உன் புருஷனைக் கேளு. எங்க மிஷின் நின்னுபோச்சு, நான் சொன்னேன், அவன் மாத்தினான். சரி, மிஷினை எடுத்துகினு போ. பெட்டி எங்களது."

தெரிஞ்சேதான் என்னைப் பொய்க்காரின்னு சொல்லியிருக்கார் மனுஷன்! அவர் கிடக்கட்டும், அவர் என்ன எனக்குத் தாலி கட்டினவரா? கட்டினவரைத் திரும்பிப் பாத்தேன்.

"பேஜார் வேணாம்னுதான் சொல்லல"ன்னார்.

மிஷினை முந்தானையில சுத்தி மடியில வெச்சுகினு ஆட்டோவுல ஏறினேன். அவரும் ஏற வந்தார்.

"நீ நடந்து வா"ன்னேன்.

பதினோரு வருஷத்துல அவரை நான் நீன்னு சொன்னது அன்னிக்குத்தான்.