மூட்டம் வரும்வரை

எங்கள் மலையில் மூட்டம் என்று வழங்கும் மூடுபனியை விரும்பி வரவேற்றவர் எவரும் இலர். கொழுந்து பறிப்போர்க்கு அது எதிரில் நிற்கும் செடியை மறைக்கும். துணி துவைப்போர்க்கு உலர்ந்ததை மீண்டும் நனைக்கும். வண்டி ஓட்டும் மாமாவுக்கோ வளைவுகளில் பாதையையே விழுங்கிவிடும். ஆயினும் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மக்கள் அனைவரும் மலைமுகட்டை நோக்கியபடி அதன் வரவுக்காகத் தவம் கிடந்தனர். அப்போது எனக்கு ஒன்பது வயது.

தவத்துக்குக் காரணம் மாமாவின் மகிழுந்து. மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் தோட்டத்தில் வாடகைக்கு ஓடிய ஒரே வண்டி அவருடையது. பேறுகாலப் பெண்களை மருத்துவமனைக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் சுமந்த பெருமை அதற்கு உண்டு. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு தோட்டத் துரையிடம் கம்பீரமாய் இருந்து, பல கை மாறி, மாமாவை வந்தடைந்தபோது அதன் கருமை வெளிறி அடுப்புக்கரியின் நிறத்துக்கு இறங்கியிருந்தது. முந்திய ஆண்டு மாமாவுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று அந்த வண்டியாலேயே முறிந்தது. பெண்ணின் பெரியப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வண்டியவே இப்புடி வச்சிருக்கிறவரு நம்ம புள்ளைய எப்புடி வச்சிக்குவாரு?" என்று கேட்டாராம். அந்தச் சொல் மாமாவின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது.

இப்போது உடப்புசல்லாவையில் வேறொரு பெண்ணைப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. இம்முறை வண்டி மின்ன வேண்டும். மின்னாவிடில் இனிப் பெண் பார்க்கும் பேச்சே வேண்டாம் என்று மாமா அம்மாவிடம் சூளுரைத்திருந்தார்.

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த நண்பர் ஒருவர் அவருக்குப் போத்தல் ஒன்றைத் தந்திருந்தார். மெருகும் காப்பும் ஒன்றாய்க் கலந்த பூச்சு அது. பழைய வண்ணத்தின் மங்கலை நீக்கி ஒளியேற்றும். அதன் மேல் மெல்லிய படலமாய் நின்று மழையையும் வெயிலையும் தடுக்கும். இவ்விரு பயன்களையும் மாமா தம் மொழியில் அம்மாவுக்கு விளக்கினார்.

"ரெண்டு வேலையும் இது ஒண்ணே பாத்துரும் அக்கா. பொலிசும் போடும், சீலும் வைக்கும்."

அம்மா கலங்கிப் போனாள். "பொலிசு வந்து சீல் வைக்குமா? கசிப்புச் சாராயம் காச்சுன வீட்டுக்கு வச்சிட்டுப் போனாங்களே, அந்த மாதிரியா? அப்புறம் கதவு தெறக்குமாடா தம்பி?"

போத்தலின் முதுகில் இருந்த வழிமுறைகள் யாவும் ஆங்கிலம். அவற்றை வாசிக்கும் பொறுப்பு இயல்பாகவே அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அவர் தோட்டப் பாடசாலையில் தமிழ் கற்பித்தவர். ஆங்கிலத்தோடு அவருக்கிருந்த உறவு ஒரு தடித்த அகராதியின் வாயிலாகவே நடந்து வந்தது. வண்டியைக் கழுவி உலர்த்துக, நிழலில் நிறுத்துக, மென்துணியில் சிறிதளவே எடுத்து வட்டவட்டமாய்த் தேய்க்க என்பவையெல்லாம் இடரின்றி வந்தன. அடுத்த வரியில் 'ஹேஸ்' என்றொரு சொல் வழிமறித்தது. பூச்சு உலரும்போது அதன் மேலேயே வெண்மையாய்ப் படரும் மங்கலைத்தான் அச்சொல் அங்கே குறித்தது. சற்று நேரத்தில் அது தோன்றியதும் துடைத்துவிட வேண்டும் என்பதே கருத்து. அகராதியோ 'மூட்டம், மென்பனி' என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பறைக் குரலில் அறிவித்தார்.

"மூட்டம் வரும்வரை காத்திருக்கவும். பின்னர்த் துடைக்கவும்."

"மூட்டம்னா... நம்ம மூட்டமா மச்சான்?"

"வேற எந்த மூட்டம்? சிமெந்து பூசுனா இறுகுறதுக்குத் தண்ணி ஊத்துறோம்ல? அது மாதிரி இதுக்கும் ஈரம் வேணும். யோசிச்சுத்தான் எழுதியிருக்கான்."

மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம ஊருக்குன்னே செஞ்ச சாமானுங்க இது! கொழும்புல இருக்கிறவன் மூட்டத்துக்கு எங்க போவான்?"

ஞாயிறு காலை, வண்டி கழுவப்பட்டுத் தைலமரத்து நிழலில் நின்றது. அம்மாவின் பழைய நூற்புடவை துண்டுதுண்டாயிற்று. மாமா கூரையையும் முன்மூடியையும் எடுத்துக்கொண்டார். அப்பா ஒரு கதவை அகராதி புரட்டும் நிதானத்தோடு தேய்த்தார். இலக்கத் தகட்டின் சுற்றுப்புறம் என் பங்கு. வெயில் ஏறுமுன் கறுப்பு வண்டி தலைமுதல் கால்வரை வெளுத்து நின்றது. இனி மூட்டம் வரவேண்டியதே பாக்கி. கண்பார்வை கூர்மையானவள் என்பதால் அதனைக் கண்காணிக்கும் பதவி எனக்குக் கிடைத்தது. பாதையோரக் கற்கட்டின் மேல் ஏறி அமர்ந்தேன்.

அன்று விடியலில் புல்வெளியெங்கும் உறைபனி உப்பாய்ப் பூத்திருந்தது. அவ்வாறு பூக்கும் நாளில் அந்திவரை வானம் தெளிந்தே இருக்கும் என்பதை எங்கள் மலையில் அறியாதவர் இல்லை. ஆயினும் ஆங்கிலப் போத்தலின் முன் அந்த அறிவு எவருக்கும் நினைவில் எழவில்லை.

"பாப்பா, வருதா?"

"இல்ல மாமா."

விறகுக் கட்டுடன் சென்ற பெண்ணொருத்தி நின்று பார்த்தாள். "என்னங்க டிரைவரு, வண்டிக்கு விபூதி பூசிட்டீங்க? கதிர்காமத்துக்கா பயணம்?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. மூட்டம் வரட்டும், அப்புறம் தெரியும்."

நண்பகலுக்குள் செய்தி லயம் முழுதும் பரவிற்று. சிரிக்க வந்தவர்களும் நாளடைவில் அல்ல, நாழிகையடைவில் எங்கள் கட்சியில் சேர்ந்துகொண்டனர். ஆளுக்கொரு திசையை நோக்கி மூட்டம் தேடினர். அம்மா மாடசாமிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். வானமோ கழுவித் துடைத்த நீலத்தட்டாய்க் கிடந்தது.

புறப்பட்டே ஆகவேண்டிய வேளை வந்தது. "தொடச்சிரவா மச்சான்?" என்று மாமா கெஞ்சினார்.

"பாதியில தொடச்சா உள்ளதும் போயிரும். வழியில வந்தாலும் வரும், ஏறு."

இவ்வாறாக வெண்ணீறணிந்த வண்டியில், பழத்தட்டுடன் நாங்கள் நால்வரும் புறப்பட்டோம். நுவரெலியா நகரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தி, இது என்ன கோலம் என்று சிங்களத்தில் வினவினார். "பொலிஷ், சேர்!" என்றார் மாமா. தம்மைத்தான் கேலி செய்கிறாரோ என்று காவலரின் முகம் இறுகியது. மாமா போத்தலை உயர்த்திக் காட்டிய பிறகே வழி கிடைத்தது.

பெண்வீட்டு வாசலில் பெண்ணின் தந்தை வண்டியை நெடுநேரம் நோக்கினார்.

"வண்டி... வெள்ளைங்களா?"

"கறுப்புங்க," என்றார் மாமா. பிறகு, உண்மை வழுவாதவராய், "இப்போதைக்கு வெள்ள" என்று சேர்த்துக்கொண்டார்.

உள்ளே அமர்ந்தோம். பேச்சு தயங்கித் தயங்கி நகர்ந்தது. பெண்ணின் தந்தையின் கண் அடிக்கடி வாசற்பக்கம் போய் மீண்டது. அதைக் கண்டு மாமாவின் தலை மேலும் தாழ்ந்தது. பெண் தேநீர் கொண்டுவந்தாள். அவ்வூர்ப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிப்பவள் என்று அவளுடைய தாய் கூறிக்கொண்டிருந்தாள். என் பதவியை யாரும் பறிக்காததால் நான் மட்டும் சன்னலையே பார்த்திருந்தேன். உடப்புசல்லாவை இருக்கும் கிழக்குச் சரிவின் வானிலை வேறு. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வெண்மை ஒன்று திரண்டு, தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாய் மூடியவாறு மேலேறிற்று.

"மாமா! மூட்டம்!"

மாமா தேநீர்க் கோப்பையோடு எழுந்து ஓடினார். அப்பா தோளிலிருந்த சால்வையை உருவியபடி பின்தொடர்ந்தார். "மன்னிச்சிருங்க, மூட்டம் வந்துருச்சு!" என்று பெண்ணின் தாயிடம் விடைபெற்று அம்மாவும் ஓடினாள். பனித்திரளுக்குள் நின்று நால்வரும் வெறிகொண்டு துடைத்தோம். நாள் முழுதும் காய்ந்து இறுகிய வெண்மை ஈரத்தில் இளகிக் கழன்றது. அதன் அடியிலிருந்து, நாவற்பழத்தின் கருமை ஒளியோடு வெளிப்பட்டது. மாமா கதவில் தம் முகத்தைக் கண்டு, "அக்கா, நான் தெரியிறேன்!" என்று கூவினார்.

வாசற்படியில் திகைத்து நின்றவர்களிடமிருந்து பிரிந்து பெண் எங்களிடம் வந்தாள். நாங்கள் துணியெடுத்தபோது தரையில் விழுந்த போத்தலை எடுத்து வாசித்தாள்.

"இத யாரு பாப்பா வாசிச்சது?" என்று மெல்லக் கேட்டாள்.

"எங்கப்பா," என்றேன் பெருமையுடன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியில் நீர்த்துளிகள் வழிய, வென்று வந்த புலவரின் முகத்தோடு அவர் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள்கள் குலுங்கின. மாமா தயக்கத்துடன் அருகில் வந்தார்.

"ஏங்க, சரியாத்தான செஞ்சிருக்கோம்?"

அவள் கண்ணை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "சரிதாங்க. மூட்டம் வந்தாத்தான் தொடைக்கணும்னு போட்டிருக்கு." பிறகு மாமாவின் கையிலிருந்த துணியை வாங்கி, "இங்க பாருங்க, இந்த மூலைய விட்டுட்டீங்க" என்று கைப்பிடியின் அடியைத் தானே துடைத்தாள்.

அவளுடைய தந்தை வண்டியைச் சுற்றிவந்தார். மாமா மூச்சை அடக்கி நின்றார். "வண்டியவே இப்புடிப் பாத்துக்கிறவரு..." என்று தொடங்கிய அவர், மகளின் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்லாமல், "உள்ள வாங்க, தேத்தண்ணி ஆறுது" என்றார்.

அவள் எங்கள் அத்தையாகி ஆண்டுகள் பல கழிந்த பின்னும், அப்பா உயிரோடு இருந்த வரையில், மூட்டம் இறங்காமல் எந்த வண்டியையும் துடைக்க அவள் ஒப்பியதில்லை.

அன்று திரும்பும் வழியில் மாமா சீழ்க்கையடித்தபடி வண்டியை ஓட்டினார். நான் அம்மாவின் காதில், நான் கண்ட துயரச் செய்தியைச் சொன்னேன்: அந்த அக்காவுக்கு மாமாவைப் பிடிக்கவில்லை, திரும்பி நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா சிரித்தாள். பாவம், மாமாவுக்கு எதுவும் தெரியாது என்று எண்ணி, வீடு வரும்வரை நான் அவருக்காக வருந்திக்கொண்டே வந்தேன்.