சுவர் கேட்டவன்

1988இல் ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்த முந்நூறு குடும்பங்களில் சமாதானக் குழுவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள் நான்தான். தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் அடுத்த தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவன். இருந்தும் தாசில்தார் கூட்டிய குழுவில் குவார்ட்டர்ஸ் சார்பாக குணசேகரன் என்ற என் பெயர் இருந்தது. ஆள் தேர்ந்தெடுக்க எங்கள் நலச்சங்கம் கூடிய அன்று, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் படுத்துவிட்டேன். வராதவன் பெயரை எழுதிவிட்டார்கள்.

சண்டை ஒரு சுவரால் வந்தது. குவார்ட்டர்ஸுக்கும் பக்கத்துப் பழைய ஊருக்கும் நடுவே முன்பு வேலிகூடக் கிடையாது. ஊர்க்காரர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் ரயிலுக்குப் போவார்கள். இரண்டு சைக்கிள் திருட்டுப் போனதும் சங்கம் சுவர் கேட்டு மனுப் போட்டது. 'சமூக விரோதிகளின் நடமாட்டம்' என்று அதில் ஓர் அழகான வரி. எழுதியவன் நான். தொழிற்சாலை ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாக இருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், யோசனைதான் அந்த அளவுக்கு இருக்காது.

சுவர் எழும்பியது. ஊர்க்காரர்கள் ஒன்றரை மைல் சுற்றிப் போனார்கள். வாய்ச்சண்டை கல்வீச்சானது. ஆனி மாதம் ஒரு நாள், ஊரிலிருந்து வந்து எங்களுக்குப் பால் ஊற்றும் வேம்புலி காணாமல் போனார். குவார்ட்டர்ஸ்காரர்கள் அவரைக் கொன்று மறைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு; ஊர்ப்பாலில் விஷம் கலந்திருக்கிறது என்று எங்கள் பக்கம் பேச்சு. ஒரே சாயங்காலத்தில் இரண்டு பஸ்களின் கண்ணாடியும் மூன்று பேர் மண்டையும் உடைந்தன. பஸ் ஓடவில்லை. போலீஸ் வந்து தெருமுனையில் உட்கார்ந்தது.

சமாதானக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'படித்தவர்களாகிய நாங்கள், பாமரர்களாகிய உங்களை அரவணைத்து' என்று வாசித்து நிமிர்ந்தபோது ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு காலி. தாசில்தார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி சொர்ணம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு போகச் சொன்னாள். வாய் நிறைய எச்சில் இருந்தால் பேச முடியாதாம்.

மறுநாள் ஸ்டோர்ஸில் என்னோடு வேலை பார்க்கும் பால்ராஜ் ஒரு சேதி சொன்னான். அவன் காட்டுப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். அவன் தெருவில் ஒரு பால்காரர் தன் தங்கை வீட்டில் காலில் கட்டோடு கிடக்கிறாராம். ஆவடியில் சுவரிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறாராம்.

இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, முந்தின நாள் கூட்டத்திலிருந்து முதலில் எழுந்து போன திருவேங்கடத்தைத் தேடிப் போனேன். ஊரில் நாலு பேர் அவர் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. சைக்கிளை வெளியே எடுத்தார்.

"நீயும் ஏறு சாரே. அவன் அங்க இல்லன்னா உன்ன அங்கயே உட்டுட்டு வந்துடுவேன்."

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேரியரில் மூட்டை மாதிரி உட்கார்ந்தேன். ஊர் எல்லைவரை பார்த்தவர்கள் எல்லாம் அவர் என்னைப் பிடித்துக்கொண்டு போவதாகவே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பூந்தமல்லி தாண்டி, குமணன்சாவடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளச் சொன்னார், தள்ளினேன்.

வேம்புலி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துப் புத்தூர்க் கட்டு. திருவேங்கடம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடித்தது யார் என்று கேட்டார்.

"எவனும் அடிக்கல அண்ணாத்தே. புண்ணாக்கு மூட்டையத் தூக்கிகினு ஒன்ற மைலு எவன் சுத்திகினு போறது? செவுரு ஏறனேன், உழுந்தேன். வயில போன லாரிக்காரன் புத்தூருக்கு இட்டுகினு போனான். திரும்பி இங்க வந்தா, ஊட்டுக்குச் சொல்லி அனுப்ப பஸ்ஸு இல்ல."

அந்தச் சுவரைக் கேட்டவன் நன்றாக இருக்கட்டும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நல்லவனாகவே திரும்பியிருப்பேன்.

"அந்த மனுவ எழுதினது நான்தாங்க" என்றேன்.

திருவேங்கடம் என் பக்கம் திரும்பினார். திரும்பி நடந்தே போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வேம்புலி கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ எழ்தனா செவுரு கட்றானுங்க இல்ல? அப்ப வயி உடச் சொல்லியும் நீயே எழ்து."

மறுநாள் காலையில் திருவேங்கடம் அவரை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் படுக்க வைத்து அழைத்துவந்தார். ஊருக்கு நேராகப் போகாமல் குவார்ட்டர்ஸின் ஒவ்வொரு தெருவிலும் வண்டியை மிதித்தார். போலீஸ்காரர் தடுக்கப் பார்த்து, ஆளைப் பார்த்ததும் ஒதுங்கினார். ஜன்னல்கள் திறந்தன. ஊருக்குள் வேம்புலியின் மனைவி பூங்காவனம் முதலில் அவரைத் திட்டித் தீர்த்தார், அப்புறம்தான் அழுதார். அன்று சாயங்காலம் பஸ் ஓடியது.

வழி கேட்கும் மனுவை ஒரே பக்கத்தில் எழுதினேன். கையெழுத்து வாங்க முந்நூறு கதவைத் தட்டினேன், கிடைத்தது நாற்பத்தொன்று. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். சங்கத்திலிருந்து என் பெயரை அடித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதில் மூன்று எழுத்துப்பிழை. ஊர்ப்பக்கம் திருவேங்கடம் இருநூறு கைநாட்டும் கையெழுத்தும் சேர்த்துத் தந்தார். ஏழு மாதம் கழித்து நாலடி அகலத்தில் ஒரு கேட் வைத்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மண்டை உடைந்த வழக்கு மூன்று வருஷம் நடந்தது. குவார்ட்டர்ஸில் பாதிப்பேர் பாக்கெட் பாலுக்கே மாறிவிட்டார்கள். வேம்புலி அந்த கேட் வழியாக, கொஞ்சம் விந்தி விந்தி, எங்கள் வீட்டுக்கு முதலில் வருவார். பாலில் தண்ணீர் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. சொர்ணம் என்னைப் போய்க் கேட்கச் சொல்வாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவேன்.